உன் அண்ணி காத்திருந்த மதியம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் அண்ணனும் சுகமாகவே இருக்கிறோம். உன் சுகத்தை நீ போனில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாய், ஆனாலும் கேட்காமல் தொடங்கினால் எனக்குக் கடிதம் தொடங்கிய மாதிரி இருக்காது, அதனால் கேட்கிறேன், வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறாயா. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி படி ஏறும்போது மட்டும் வருகிறது, இறங்கும்போது இல்லை, அது ஏன் என்று டாக்டருக்கும் விளங்கவில்லை. சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று பிளம்பரைக் கூப்பிட்டோம், அவர் வந்து சொட்டுவதை நிறுத்திவிட்டுப் போனார், இப்போது குழாயைத் திறந்தாலும் தண்ணீர் வருவதில்லை. மேல் வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு வயலின் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறார். அவர் வாசிக்கும்போது உன் அம்மா மிக்ஸியைப் போட்டுவிடுகிறாள், அவர் வருத்தப்படக் கூடாதே என்று நான் மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் நல்லா இருக்குங்க என்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதைப் போனில் சொல்லலாம்தான், ஆனால் போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் உன் அம்மா கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறாள், அவளால் இதை அழாமல் சொல்ல முடியாது, நீ அங்கே வேலைக்குக் கிளம்பும் நேரமாக இருக்கும். வேலைக் காலம் முழுக்க லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு ரிப்போர்ட் எழுதிய கை இது, எங்கே நின்றது, ஏன் நின்றது, எப்படித் திரும்ப ஓடியது என்று வரிசையாகத்தான் எழுத வரும். உன் அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதுங்கப்பா, அவளுக்கும் தெரியட்டும் என்றான்.

உன் அண்ணியும் அண்ணனும் பிரிந்தபோது பிள்ளை சிட்டு அம்மாவிடம் இருப்பது, பள்ளி விடுமுறைக்கு அப்பாவிடம் வருவது என்று கோர்ட்டில் முடிவானது உனக்குத் தெரியும். உன் அண்ணி பல் கட்டும் லேபில் வேலை பார்த்தாளே, இப்போது அதைவிடப் பெரிய லேபில் இடம் கிடைத்து தன் அக்கா இருக்கும் ஊருக்கே மாறிப் போகிறாள். அது காரில் போய்வருகிற தூரம் இல்லை. அதனால் இந்த விடுமுறை முடிந்து சிட்டுவை ஒப்படைத்தால் அடுத்த பெரிய விடுமுறைக்குத்தான் உன் அண்ணன் மகளைப் பார்க்க முடியும். ஆறு வயதுப் பிள்ளை அதற்குள் எவ்வளவு வளர்ந்துவிடும் என்று உன் அம்மா சிட்டுவின் கவுன்களை மடித்து வைக்கும்போது என்னிடம் கேட்டாள். உன் அண்ணன் எதுவும் கேட்கவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் எப்போதும் போல லென்ஸ் தேய்த்துவிட்டு வந்தான், சிட்டுவைக் குளிப்பாட்டினான், தலை வாரினான், ஜடை ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருந்தது, அவளும் அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள்.

எப்போதும் ஒப்படைக்கிற இடம் இரண்டு ஊருக்கும் நடுவில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஒரு சாப்பாட்டு விடுதி. பெரிய கார் நிறுத்தும் இடம், முன்னால் மரப் பெஞ்சு, உள்ளே பிள்ளைகள் சறுக்கி விளையாட ஒரு மூலை. மதியம் அங்கே வருவதாகப் பேச்சு. நாங்கள் காலையிலேயே கிளம்பிவிட்டோம். உன் அண்ணன் ஓட்டினான், நான் முன்னால், உன் அம்மாவும் சிட்டுவும் பின்னால். சாமான் ஏற்றும்போது டிக்கியில் சிட்டுவின் பைக்குப் பக்கத்தில் உன் அண்ணனின் பை ஒன்றும் இருந்தது. கடைச் சாமானாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு டிக்கியை மூடினேன். வழியெல்லாம் சிட்டு போகிற வண்டிகளின் நிறத்தைச் சொல்லிக்கொண்டு வந்தாள், கொஞ்ச நேரத்தில் உன் அம்மா மடியில் தூங்கிப்போனாள். உன் அம்மா வழக்கம் போல உதடு மட்டும் அசைய ஜெபித்துக்கொண்டு வந்தாள். அவள் ஜெபத்தில் யார் யார் வருவார்கள் என்று எனக்கு மனப்பாடம், நீ, உன் அண்ணன், சிட்டு, என் ரத்த அழுத்தம். பிரிந்த நாளிலிருந்து உன் அண்ணி அதில் இல்லை. என் விஷயம் உனக்குத் தெரியும், நான் அந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பவன்.

விடுதிக்குப் பிரிகிற இடம் வந்தபோது வண்டி நடுத்தடத்தில் இருந்தது. இடது பக்கம் வாப்பா என்றேன். அவன் வரவில்லை. பிரிவு தாண்டிப் போயிற்று. கவனம் பிசகிவிட்டது, நேற்று ராத்திரி தூங்கியிருக்க மாட்டான் என்று நினைத்து, அடுத்ததில் திரும்பிக்கலாம் என்றேன். அடுத்ததும் வந்தது, அதையும் தாண்டினான். அப்போதுதான் எனக்கு டிக்கியில் இருந்த பை புரிந்தது. அவன் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, இரண்டு கையும் ஸ்டியரிங்கில் ஒழுங்காக இருந்தன, முகத்தில் ஒன்றுமே இல்லை, அந்த ஒழுங்கைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. கத்தலாமா என்று யோசித்தேன். ஓடுகிற வண்டியில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவனிடம் கத்துவது புத்திசாலித்தனம் இல்லை. உன் அம்மாவின் உதடு நின்றுவிட்டதை பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தேன். தம்பி, எங்கப்பா போற என்று தூங்குகிற பிள்ளை எழாதபடி கேட்டாள். கொஞ்ச தூரம்மா என்றான்.

சொன்ன நேரம் தாண்டியதும் அவன் போன் அடித்தது. ஒரு கையால் அதை அணைத்து வைத்தான். பிறகு என் சட்டைப்பையில் இருந்தது அடித்தது, எடுத்துப் பார்த்தால் உன் அண்ணி. எடுக்காதீங்கப்பா என்றான், கெஞ்சுகிற மாதிரியும் இல்லை, மிரட்டுகிற மாதிரியும் இல்லை. அது அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு உயிருள்ள பொருளைப் பிடித்திருப்பது போல் இருந்தது. பின்னாலிருந்து உன் அம்மா, ஏங்க எடுங்க, பெத்தவ அங்க தனியா நிக்கிறா என்றாள். நம் வீட்டில் உன் அண்ணி பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுகிறவள் அவள். அந்தச் சத்தத்தில் சிட்டு விழித்துக்கொண்டாள், அம்மாவா என்று கேட்டாள், அடுத்த மூச்சில் ஒண்ணுக்கு வருது என்றாள். பெரியவர்கள் என்ன திட்டம் போட்டாலும் அதற்கு முன்னால் நிற்காது. இரண்டு முறை சொன்னதும் உன் அண்ணன் வண்டியை ஓரங்கட்டி ஒரு பழைய பெட்ரோல் பங்கில் நிறுத்தினான். உன் அம்மா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கழிவறைப் பக்கம் போனாள். அவன் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு போய் டயருக்குக் காற்றடிக்கும் இடத்தில் எங்களுக்கு முதுகு காட்டி நின்றான்.

நான் காரிலேயே இருந்தேன். இப்போது எழுதப்போவதை நீ நம்புவாயோ தெரியாது. நான் கண்ணை மூடினேன். யாரைக் கூப்பிடுவது, எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை, உன் அம்மா இத்தனை வருடம் என் பக்கத்தில் செய்ததை நான் ஒரு நாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை. இவனைத் திருப்பு என்று மட்டும் சொன்னேன், வாய்விட்டே சொன்னேன். உடனே எதுவும் நடக்கவில்லை. ஒரு லாரி வந்து டீசல் போட்டது, பங்க்காரர் கண்ணாடி துடைத்தார், உன் அண்ணன் அப்படியே நின்றான். பிறகு போன் மறுபடி அடித்தது, நான் எடுத்தேன்.

மாமா, எல்லாரும் நல்லா இருக்கீங்களா என்றுதான் முதலில் கேட்டாள். வழியில் விபத்தோ என்று பயந்திருக்கிறாள். எல்லாரும் நல்லா இருக்கோம்மா என்றேன். வண்டி பஞ்சர் என்று ஒரு பொய் என் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் மறுமுனையில் அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது, அந்த மூச்சிடம் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. அவன் திரும்ப வேண்டிய இடத்துல திரும்பலம்மா, வேணும்னுதான் திரும்பல, ரொம்ப தூரம் வந்துட்டோம் என்று சொல்லிவிட்டேன். அவள் பேசுவதற்குள் என்னென்னவோ என் தலைக்குள் ஓடியது. அவள் போலீசைக் கூப்பிடலாம், வக்கீலைக் கூப்பிடலாம், அதில் ஒரு தப்பும் இல்லை, அப்படிச் செய்தால் அதற்குப் பிறகு உன் அண்ணன் மகளைத் தனியாகப் பார்க்கவே விடமாட்டார்கள். லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், இருந்தது. அப்புறம் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எனக்கு ஒரு சொல்லும் மறக்கவில்லை.

“அவரை ஒரு டீ குடிக்கச் சொல்லுங்க மாமா. காலையிலருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டாரு. நான் யாருக்கும் போன் பண்ணப் போறதில்ல. அவரு வந்துடுவாரு, எனக்குத் தெரியும். வர்ற வரைக்கும் நான் இங்கயேதான் இருப்பேன்.”

அவ்வளவுதான், வைத்துவிட்டாள். அம்மாடி, அவனைப் பெற்று வளர்த்தவன் நான், அவன் திரும்புவான் என்ற நம்பிக்கை அந்த நிமிடத்தில் எனக்கு இல்லை. அவனோடு வாழ முடியாது என்று பிரிந்து போனவளுக்கு இருந்தது.

நான் இறங்கிப் போய் அவன் பக்கத்தில் நின்றேன். பேசிட்டீங்களா என்றான். பேசினேன் என்றேன். போலீஸ்னு சொன்னாளா என்றான், இல்லை என்றேன். வக்கீல்கிட்ட சொல்லப் போறாளாமா என்றான், அதுவும் இல்லை என்றேன். பின்ன என்னதான் சொன்னா என்று முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டான். உன்னை டீ குடிக்கச் சொன்னா என்றேன், மற்றதையும் சொன்னேன். அவன் நின்ற இடத்திலேயே சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்துவிட்டான். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தால்கூட அழாத பிள்ளை என்று உன் அம்மா பெருமை பேசுவாளே, அவன்தான் கையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான். பக்கத்தில் உட்கார்ந்தேன். முதுகில் கையை வைத்தேன், அந்தக் கை அங்கேயே இருந்தது. நான் எங்க போறேன்னு எனக்கே தெரியலப்பா, பை எடுத்து வைக்கிறப்பகூட சும்மாதான் வைக்கிறேன்னு நினைச்சேன் என்றான். பங்க்காரர் ஏதாவது உதவி வேண்டுமா என்கிற மாதிரி எட்டிப் பார்த்தார், நான் வேண்டாம் என்று தலையாட்டினேன், அவர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டு உள்ளே போனார்.

உன் அம்மாவும் சிட்டுவும் ஈரக் கையோடு வந்தார்கள். உன் அம்மா என் முகத்தைப் பார்த்தாள், நான் தலையை அசைத்தேன், அவள் அங்கேயே நின்று கண்ணை மூடித் திறந்தாள். அப்பா ஏன் அழறாங்க என்று சிட்டு கேட்டாள், வழி தப்பிட்டோம்டா, அதான் என்று உன் அம்மா சொன்னாள். சிட்டு அப்பாவின் தலையைத் தடவி, திரும்பிப் போனா வந்துடும்ப்பா என்றாள். பங்கில் ஒரு டீ மெஷின் இருந்தது. சொன்னபடி டீ குடித்தோம், சர்க்கரை போட மறந்த டீ. நான் ஓட்டுகிறேன் என்றேன், உங்க கண்ணுக்குக் கண்ணாடி போட்டவனே நான்தான், உட்காருங்க என்றான். அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

திரும்பி வந்து சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. மதியக் கூட்டம் போய் கார் நிறுத்தும் இடத்தில் உன் அண்ணியின் கார் மட்டும் நின்றது. உன் அண்ணி வெளியே அந்த மரப் பெஞ்சில் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். காற்று வேறு அடித்தது. எங்கள் வண்டியைப் பார்த்ததும் எழுந்தாள், ஆனால் ஓடி வரவில்லை, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிட்டு கதவைத் திறந்த வேகத்தில் ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, அம்மா, அப்பா வழியை விட்டுட்டாங்க, நாங்க ரொம்ப தூரம் போய்ட்டோம் என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். எங்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. உன் அண்ணி குனிந்து பிள்ளையின் கோணல் ஜடையைச் சரி பண்ணிக்கொண்டே சொன்னாள்.

“அந்த ரோடு அப்படித்தான்டா. அம்மாவும் ஒரு தடவை அங்க வழி தப்பிப் போயிருக்கேன். அப்பா பத்திரமா கூட்டிட்டு வந்துட்டாங்கல்ல.”

அவளுக்கு அந்தச் சாலையில் ஒரு நாளும் வழி தப்பியிருக்காது என்று எனக்கும் தெரியும், உன் அண்ணனுக்கும் தெரியும். அவன் சிட்டுவின் பையை நீட்டியபடி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அதற்கு இடம் கொடுக்காமல், நீங்களே சீட் பெல்ட் போட்டு விடுங்க, நான் போட்டா இறுக்கமா இருக்குன்னு அழுவா என்றாள். அவன் போய் அவள் காரில் சிட்டுவுக்குப் போட்டுவிட்டான், அதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அதைவிட நிறைய நேரம் எடுத்துக்கொண்டான், அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளிடம், இந்தக் காத்துல உள்ள போய் உட்கார்ந்திருக்கலாமேம்மா என்றேன். உள்ள போனா கார் வர்றது தெரியாது மாமா என்றாள். உன் அம்மா அதுவரை தள்ளி நின்றவள், வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த கையை விடவில்லை. பிறகு காரில் வரும்போது உன் அம்மா என்னிடம் சொன்னாள், அந்தப் பெண்ணின் கை ஐஸ் மாதிரி இருந்ததாம், நடுங்கிக்கொண்டே இருந்ததாம். போனில் என்னிடம் பேசிய குரலில் அந்த நடுக்கம் கொஞ்சமும் இல்லை. அவளுக்குப் பயமே இல்லாமல் அப்படிச் சொன்னாள் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பயத்தை அவள் தன்னிடம் வைத்துக்கொண்டு நம்பிக்கையை மட்டும் எங்களுக்கு அனுப்பியிருக்கிறாள்.

மறுநாள் உன் அண்ணன் அவளுக்கு நன்றி என்று ஒரே சொல்லை மெசேஜ் அனுப்பினான், சிட்டு சாப்பிடுகிற படம் ஒன்று பதிலாக வந்தது. இப்போது தினமும் சாயங்காலம் சிட்டு அவனோடு வீடியோவில் பேசுகிறாள், அந்த நேரம் வைத்துக் கொடுத்ததும் உன் அண்ணிதான். உன் அண்ணனுக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். சிட்டு படுத்திருந்த அறைப் பக்கம் அவன் இன்னும் போவதில்லை. ஆனால் சாப்பிடுகிறான், அந்தப் பையைப் பிரித்துச் சட்டைகளை அலமாரியில் அடுக்கிவிட்டான். யார் பக்கம் தப்பு, ஏன் பிரிந்தார்கள் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை, நல்லவர்கள் இரண்டு பேர் ஒரு வீட்டில் நன்றாக வாழ முடியாமல் போவதும் நடக்கிறது. கடவுளைப் பற்றி என்னிடம் கேட்டால் எனக்கு இன்னும் உறுதியாக ஒன்றும் சொல்லத் தெரியாது. அன்று நான் கேட்டேன், அடுத்து போன் அடித்தது, அது அடிக்கத்தான் போகிறது என்று நீ சொல்வாய், நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தப் போனில் வந்த சொற்களை நான் கேட்கவில்லை, அப்படி ஒரு பதில் இருக்க முடியும் என்றே எனக்குத் தோன்றியிருக்காது. உன் அம்மா ஜெபத்தில் இப்போது உன் அண்ணியும் இருக்கிறாள், சிட்டுவுக்கு முன்னாலேயே வருகிறாள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், இப்போதெல்லாம் நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன். உன் அம்மா ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொள்கிறாள், இன்னும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது.

குளிர் காலம் வருகிறது என்கிறாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ, காய்ச்சல் வந்தால் மறைக்காதே. நீ எங்கே இருந்தாலும் நல்ல மனிதர்கள் நடுவில் இரு, எல்லா நலமும் உனக்குக் கிடைக்கட்டும், அம்மாவும் நானும் மனசார ஆசீர்வதிக்கிறோம். ஒன்று மட்டும் மறக்காதே. அண்ணன் மேல் இருக்கும் பாசத்தில் நீ உன் அண்ணியின் நம்பரை உன் போனில் தடுத்து வைத்திருப்பது எனக்குத் தெரியும், இத்தனை நாள் நான் அதைப் பற்றிப் பேசியதில்லை. அதை எடுத்துவிட்டு அவளைக் கூப்பிடு. அந்த மதியத்தைப் பற்றி நீ எதுவும் கேட்க வேண்டாம், அவள் அதை யாரிடமும், தன் அக்காவிடம்கூட, சொல்லவில்லை. புது வீடு எப்படி இருக்கிறது அண்ணி என்று கேள், போதும்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா